ஒரே ஆண்டில்

1940 பெப்ரவரியில், போருக்கு நடுவே, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தொகுதிக்கு இடைத்தேர்தல் நடந்தது. நோபல் பரிசு பெற்ற ஏ.வி. ஹில் வென்றார். வாக்களித்தவர்கள் பட்டதாரிகள், வசிக்கும் ஊரில் அவர்களுக்கு இன்னொரு வாக்கும் இருந்தது. ஒருவருக்கு ஒரு வாக்கே போதும் என்று 1948இல் பிரித்தானியா இத்தகைய பல்கலைக்கழகத் தொகுதிகளை ஒழித்தது.

அதே 1948இல்தான் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நம் தோட்டத்து மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அவர்களுக்கு இருந்த ஒற்றை வாக்கும் 1949இல் பறிபோனது. 1947இல் நுவரெலியாவில் தொண்டமானையும் தலவாக்கலையில் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளையையும் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள், கொழுந்து பறித்த இந்த மக்கள். பெருங்கொடுமை அது. நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் வர 2003 ஆயிற்று.

அன்று பறிபோன அந்த வாக்கை இன்று தவறவிடாதீர்கள். வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயரும் வாக்களிக்கும் வயதை எட்டிய வீட்டுப் பிள்ளைகளின் பெயரும் இருக்கின்றனவா என்று கிராம உத்தியோகத்தரிடம் இன்றே கேளுங்கள்.