விசில் எங்கே சார்?

ஓய்வு பெற்றுவிட்டீர்கள். சரி. அதற்காகப் பொம்மிடி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, சேலம் போகிற ரயில்களை எண்ணிக்கொண்டிருப்பதா?

எத்தனை வருஷம் மைதானத்தில் நடுவராக நின்றவர் நீங்கள்! உங்கள் ஒரு விசிலுக்குக் கபடிக் களமே அடங்கியதே! இன்று அந்த விசில் எங்கே? பீரோவுக்குள்ளா?

"வயசாகிப் போச்சு" என்கிறீர்கள். யாருக்குத்தான் ஆகவில்லை?

நம் சென்னைக்காரர், கிரிக்கெட் வீரர் வெங்கட்ராகவனை எடுத்துக்கொள்ளுங்கள். 1965 டெல்லி டெஸ்டில் நியூசிலாந்தின் 12 விக்கெட்டுகளைச் சாய்த்தபோது அவருக்கு வயது 19. அதற்குப் பிறகு எல்லாம் ஏறுமுகமா?

1974 டிசம்பர். அதே டெல்லியில் இந்திய அணிக்குக் கேப்டன். அடுத்த டெஸ்டில்? பன்னிரண்டாவது ஆள்! நேற்றுவரை அணியை நடத்தியவர், இன்று மற்றவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற இடத்தில்!

1979. இங்கிலாந்தில் உலகக் கோப்பை. அவர் தலைமையில் மூன்று ஆட்டம். மூன்றிலும் தோல்வி! டெஸ்ட் அந்தஸ்தே அப்போது பெறாத இலங்கையிடமும் தோல்வி!

அந்த இங்கிலாந்துப் பயணம் முடிந்து ஊர் திரும்பும் விமானத்தில் ஓர் அறிவிப்பு. இனி கேப்டன் கவாஸ்கர். சொன்னவர் விமானி! பயணிகள் எல்லோரோடும் சேர்ந்துதான் வெங்கட்ராகவனும் அதைக் கேட்டார்.

உங்களுக்கு நேர்ந்த அவமானம் இதைவிடப் பெரிதா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்!

அவர் முடங்கவில்லை. 1983 வரை ஆடினார். 57 டெஸ்ட், 156 விக்கெட். அத்தோடு நின்றாரா?

1993-இல் ஈடன் கார்டனில் மறுபடி இறங்கினார். பந்து வீச இல்லை. நடுவராக! வயது 47!

ஒரு முடிவு தவறினால் நாடே டிவியில் திருப்பித் திருப்பிப் பார்க்கும் வேலை அது. பயமே இல்லாமல் யார் அங்கே போய் நிற்க முடியும்? பயத்தோடு நில்லுங்கள், போதும்! அவர் 73 டெஸ்டுகளில் நின்றார். 2002-இல் ஐசிசி தன் உயர்நிலை நடுவர் குழுவை அமைத்தபோது அதில் இடம்பெற்ற ஒரே இந்தியர் அவர். அந்த ஆண்டுதான் அவருக்கு 57 நிறைந்தது! நம்மில் பலர் பென்ஷன் கணக்குப் போடத் தொடங்கும் வயது!

"நடுவர் வேலையும் முடிந்தவன் நான். எனக்கு என்ன வழி?" என்பீர்கள். விடமாட்டேன். இங்கிலாந்து நடுவர் டிக்கி பேர்டைப் பாருங்கள்!

சுரங்கத் தொழிலாளியின் மகன். நாம் உலகக் கோப்பை வென்ற 1983 இறுதி ஆட்டத்தின் நடுவர்களில் ஒருவர். கங்குலியும் டிராவிடும் அறிமுகமான 1996 லார்ட்ஸ் டெஸ்ட்தான் அவருக்குக் கடைசி டெஸ்ட். இரண்டு அணிகளும் வரிசையில் நின்று கைதட்ட, கண்ணீரோடு உள்ளே வந்தார். வயது 63.

அழுதுவிட்டு வீட்டில் படுத்துவிட்டாரா? 2004-இல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். வசதியில்லாத பிள்ளைகளுக்கு விளையாட்டு உடை, சாமான் வாங்கிக் கொடுக்க! 2009-இல் பக்கவாதம் தாக்கியது. எழுந்தார்! 2014-இல் யார்க்‌ஷயர் கிரிக்கெட் கிளப்பின் தலைவரானார். எண்பது வயதில்!

நீங்கள் லார்ட்ஸ் போக வேண்டாம். சேர்வராயன் மலையடிவாரத்துப் பிள்ளைகள் போதும்.

வேகமாக ஓடத் தெரிந்த பிள்ளைகள். கபடியில் போனஸ் கோட்டை எப்படித் தாண்டுவது, லாபிக்குள் எப்போது போகலாம் என்று தெரியாமலே போட்டிக்குப் போனால் என்ன ஆகும்? விதி தெரியாமலே வெளியே வர வேண்டியதுதான்! அந்த விதி முழுக்க உங்கள் தலைக்குள் இருக்கிறதே! அதைப் பூட்டி வைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

"யாரும் கூப்பிடலையே" என்கிறீர்களா? இதோ, நான் கூப்பிடுகிறேன்!

முழங்கால் வலிக்கிறதா? நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். பணம் இல்லையா? கபடிக்கு என்ன செலவு? இன்று சாயங்காலமே கொஞ்சம் சுண்ணாம்புப் பொடி வாங்குங்கள். பீரோவைத் திறங்கள். காலை ஆறு மணிக்குக் கோடு போட்டாக வேண்டும்!