பூவுக்கு நியாய விலை உண்டா?

பிப்ரவரி பிறந்தால் ஓசூரை அடுத்த மத்திகிரி வட்டாரத்துப் பசுமைக்குடில்களில் ஆள் பற்றாது. தாஜ்மகால் ரோஜாவின் மொட்டு விரிந்துவிடாமல் வலை மாட்டி, காம்பின் நீளம் பார்த்துத் தரம் பிரித்து, இருபது இருபதாகக் கட்டிக் குளிர் அறைக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்து பெங்களூரு விமான நிலையம். பிறகு சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா. காதலர் தினத்துக்குப் பெயர் தந்த புனித வாலன்டைனைக் கத்தோலிக்கத் திருச்சபை 1969இல் தன் பொது நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டது. வியாபாரிகளின் நாட்காட்டியில் அவர் பத்திரமாக இருக்கிறார்.

14ஆம் தேதிவரை ஏறும் விலை, அது கடந்ததும் சரிகிறது. அதே செடி, அதே உரம், அதே கூலி. அப்படியென்றால் இந்தப் பூவுக்கு நியாயமான விலைதான் எது?

சமயச் சிந்தனையாளர்கள் நெடுங்காலம் மல்லுக்கட்டிய கேள்வி இது. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவைனாஸ், வாங்குபவரின் அவசரத்தைப் பார்த்து விலையைக் கூட்டக் கூடாது என்றார். அவருக்குப் பல நூற்றாண்டு முந்தைய பட்டினப்பாலை, கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைக்காமலும் இருந்தவர்கள் என்று காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் புகழ்கிறது. கடல்கடந்து குதிரைகள் வந்திறங்கிய துறைமுகம் அது. ஆனாலும் விற்றவரும் வாங்கியவரும் முகம் பார்த்துப் பேசினார்கள்.

இன்றைய உலகப் பூ வியாபாரத்தின் தலைநகர் நெதர்லாந்தின் ஆல்ஸ்மீர். அங்கே ஏலக் கடிகாரம் உச்ச விலையில் தொடங்கிக் கீழே இறங்கும். முதலில் பொத்தானை அழுத்துபவருக்குச் சரக்கு. வாங்குபவர் பல நேரம் அந்தக் கூடத்திலேயே இருப்பதில்லை. எடை சரி, தரம் சரி, கணக்கும் சரி. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் பூ பெருகினால் ஓசூர்க்காரருக்கு விலை அடிபடும். அக்குவைனாஸே வந்தாலும் இதில் யார்மீது குற்றம் சாட்டுவார்?

உள்ளூர்ச் சந்தை மட்டும் சளைத்ததா? முகூர்த்தம் நெருங்கினால் சில சமயம் ஏற்றுமதியைவிட நல்ல விலை கிடைக்கும். ஆடியில் கல்யாணமும் இல்லை, விலையும் இல்லை.

அறநூல்கள் பெரும்பாலும் விற்பவரின் பேராசையைத்தான் சந்தேகித்தன. வாங்குபவரின் அவசரத்துக்காகத்தான் இரங்கின. பூ விவசாயத்தில் அவசரம் விற்பவருடையது. பறித்தால் வாடும், பறிக்காமல் விட்டால் செடி கெடும். 2020 ஊரடங்கில் ஓசூர்ப் பகுதி விவசாயிகள் பறித்த ரோஜாக்களைக் குப்பையில் கொட்டினார்கள். அப்போது கேட்கக்கூட ஆளில்லை. சாதாரண நாளில் கேட்கிற ஆள் இருக்கிறார். கேட்ட விலைக்கு மாட்டேன் என்று சொல்லத்தான் முடியவில்லை. அப்படி ஒப்புக்கொண்ட விலையைச் சம்மதம் என்று எந்த அறத்தில் எழுதுவது?

குளிர் அறை வைத்திருக்கும் பெரிய பண்ணை சில நாள் பொறுத்துப் பார்க்கும். அரை ஏக்கர்க்காரர் அன்றைக்கே தள்ளிவிட வேண்டும். நியாய விலை பேசுகிற அரசும் கூட்டுறவுச் சங்கங்களும், சிறு விவசாயி கட்டுப்படியாகும் வாடகையில் பூவை வைத்து எடுக்கிற பொதுக் குளிர் அறைகளை முதலில் இந்த வட்டாரத்தில் கட்டித் தரட்டும்.