தற்புகழ்ச்சியும் நற்சாட்சியும்

தன் தகுதியைத் தானே எடுத்துரைப்பது குற்றமா என்னும் கேள்வி இக்காலத்தில் புதிதாக எழுந்ததன்று. 13-ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளுக்கு இணங்கி நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், எழுத்திலக்கணத்துக்குள் புகுமுன்பே பாயிரப் பகுதியில் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டு, ஒருவன் எத்தனை துறைகளில் அரிய நூல்களை ஆக்கி முடித்தவனாயினும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகாது என்று விதித்துவிட்டு, உடனே அந்த விதிக்கு நான்கு விலக்குகளையும் வகுத்துத் தருகிறார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதவர் நடுவே நிற்கும்போதும், சபையில் வாதிட்டு வெல்ல வேண்டிய வேளையிலும், எதிராளி தன்னைப் பழித்த காலத்திலும் புலவன் தன் பெருமையைத் தானே சொல்லலாம். உத்தியோகம் தேடுவோர்க்கு நேரும் தர்மசங்கடத்தை ஓர் இலக்கண ஆசிரியர் இத்தனை நுட்பமாக அறிந்திருந்தது வியப்புக்குரியதே. ஆனால் அந்தச் சலுகையை அவர் கற்று வல்லவர்க்கே வழங்கினார் என்பதையும் கூடவே நினைவில் வைக்க வேண்டும்.

அரசவைகள் மறைந்துவிட்டன; ஓலை மட்டும் வேறு உருவத்தில் நிலைத்திருக்கிறது. 2003-ஆம் ஆண்டு மே மாதம் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்டு, 2016-இல் 2,620 கோடி டாலர் விலைக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் கைக்குப் போன லிங்க்ட்இன் தளத்தில் இன்று உலகெங்கும் 100 கோடிக்கு மேற்பட்டோர், இந்தியாவில் மட்டும் 10 கோடிக்கு மேற்பட்டோர், தத்தம் பெயரில் ஆளுக்கொரு பக்கம் வைத்திருக்கிறார்கள். புகைப்படம், அதன் கீழே 220 எழுத்துக்குள் அடங்க வேண்டிய ஒரு தலைப்பு வரி, தன்னைப் பற்றிய சில பத்திகள், வகித்த பதவிகள், கைவந்த திறமைகள், பிறர் எழுதிய பாராட்டுரைகள் ஆகிய இவை சேர்ந்ததே ப்ரொஃபைல் எனப்படுவது. ஆள் தேடும் நிறுவனத்தார் சில சொற்களைக் கொடுத்துத் தேடுகிறார்கள்; அந்தச் சொற்கள் இல்லாத பக்கம் அவர்கள் கண்ணில் படுவதே அரிது. ஆகவே தன்னைப் பற்றி அடக்கமாகப் பேசுகிறவன் அடக்கமானவன் என்று பெயர் எடுப்பதில்லை, இல்லாதவனாகவே ஆகிவிடுகிறான். இந்த நிலையில் எவ்வளவு சொல்லலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது நாகரிகத்தைப் பற்றிய கேள்வியாக மட்டும் இராமல் அறத்தைப் பற்றிய கேள்வியாகவும் ஆகிறது.

அடக்கத்தின் பேரில் இந்தப் பழக்கத்தை முழுவதும் ஒதுக்கிவிட விரும்புவோர் உண்டு. அவர்கள் இதற்கு முன்பிருந்த சம்பிரதாயத்தை மறந்துவிடுகிறார்கள். பெரிய கம்பெனியில் இடம் வேண்டுமானால், உள்ளே மாமாவோ சித்தப்பாவோ இருக்க வேண்டும். இல்லையேல் செல்வாக்குள்ள ஒருவரின் சிபாரிசுக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் காத்திருக்க வேண்டும். அந்த ஏற்பாட்டில் உறவினர் உள்ளவன் வாய் திறக்க வேண்டிய அவசியமே நேரவில்லை. அவனுக்காக மற்றவர்கள் பேசினார்கள், அவன் தன்னடக்கமுள்ளவன் என்ற நற்பெயரும் சேர்த்துப் பெற்றான். மாவட்டத் தலைநகர் ஒன்றில், தன் குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் பொறியியல் முடித்து, சென்னையிலோ பெங்களூரிலோ ஒருவரையும் அறியாத ஒரு பெண், தான் செய்து முடித்த ப்ராஜெக்டையும் கற்ற மென்பொருள்களையும் ஒழுங்காக எழுதி ஒரு பக்கத்தில் வைப்பாளாயின், அவள் நிற்பது பவணந்தியார் சொன்ன இரண்டாம் இடத்தில், அதாவது தன் ஆற்றலை அறியாதவர் நடுவில். அங்கே மௌனம் காப்பது பணிவாகாது. பெற்றோர் பட்ட பாட்டை வீணாக்குவதாகவே முடியும். தேடுவோர் கையாளும் சொல்லிலேயே தன் திறமையைச் சொல்வதும் குற்றமில்லை, சொன்னது தன்னிடம் இருக்குமானால்.

இருக்கிறதா இல்லையா என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 1482-ஆம் ஆண்டு வாக்கில், ஏறத்தாழ முப்பது வயதினராக இருந்த லியனார்டோ டா வின்சி, மிலான் நகரத்தை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவுக்கு எழுதிய விண்ணப்பத்தின் வாசகம் இன்றும் கிடைக்கிறது. எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், முற்றுகைக்கு உதவும் உபாயங்கள், பீரங்கிகள், கவசம் பூண்ட வண்டிகள் என்று போர்த்தொழிலில் தமக்குள்ள திறமைகளை எண்ணிட்டு அடுக்கிக்கொண்டு போய், சமாதான காலத்தில் கட்டடமும் சிற்பமும் ஓவியமும் தம்மால் இயலும் என்பதைக் கடைசியில்தான் சொல்கிறார். போர்க் கருவிகளில் பெரும்பாலானவற்றை அவர் அதுவரை செய்து காட்டியதாகச் சான்று இல்லை. அவர் கைவண்ணத்துக்கு அன்றே சான்றாக இருந்தது ஓவியம். படிப்போன் எதை நாடுகிறானோ அதை முன்னே வைக்கும் சாமர்த்தியம் இக்காலத்து ஆலோசகர்கள் கண்டுபிடித்ததன்று என்பது இதனால் விளங்கும். இதைப் பொய் என்று தள்ளிவிடலாமா? கடிதத்தின் முடிவு அதற்கு இடம் தரவில்லை. சொன்னவற்றில் எதுவாயினும் ஆகாதென்று யாருக்கேனும் தோன்றினால், பிரபு விரும்பும் இடத்தில் அதைச் சோதித்துக் காட்டத் தாம் தயார் என்று எழுதுகிறார். ‘என்னால் இயலும்’ என்பது வாக்குறுதி. சோதனைக்கு உட்பட்ட வாக்குறுதி சற்று மிகைபட இருந்தாலும் கேட்போன் ஏமாறுவதில்லை. ‘நான் செய்தேன்’ என்பதோ சாட்சியம். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது.

சாட்சியம் பொய்த்தால் அதன் விளைவு வேறு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாணவர் சேர்க்கைத் துறைக்குத் தலைமை வகித்த மேரிலீ ஜோன்ஸ், இளைஞர்மேல் சுமத்தப்படும் போட்டியின் பாரத்தைக் குறைக்க வேண்டும் என்று பரிந்து பேசிப் பலராலும் மதிக்கப்பட்டவர். 28 ஆண்டுகள் அங்கே பணியாற்றிய பிறகு, தாம் பெறாத பட்டங்களைப் பெற்றதாகச் சொல்லியிருந்தது வெளிப்பட்டு 2007-இல் பதவி விலகினார். 2012-இல் யாஹூ நிறுவனத்தின் தலைமை அதிகாரி ஸ்காட் தாம்ஸன், கணக்கியல் பட்டத்தோடு கணினி அறிவியல் பட்டமும் உடையவர் என்று அவருடைய குறிப்பில் இருந்தது தவறென்று தெரியவந்து, பதவியேற்ற சில மாதங்களிலேயே நீங்கினார். இருவரும் வேலை தெரியாதவர்கள் அல்லர். வேலையில் குறை இல்லாதபோது பழைய பொய்யைக் கிளறுவானேன் என்று சிலர் கேட்டார்கள். அந்த இடத்துக்கு மெய் சொல்லி விண்ணப்பித்துத் திரும்பிப் போனவர்கள் யார் என்பது எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை. நஷ்டப்பட்டவர்கள் அவர்களே, ஆகையால் மன்னிக்கும் உரிமையும் அவர்களுக்கே உரியது.

நம் நாட்டில் இந்தப் பொய் ஒரு வியாபாரமாகவே வளர்ந்திருக்கிறது. வேலை செய்யாத ஆண்டுகளுக்கு அனுபவச் சான்றிதழ் விற்பவர்கள் இருக்கிறார்கள். அவற்றைத் துருவிப் பார்க்க வேறு கம்பெனிகள் கூலிக்கு அமர்த்தப்படுகின்றன. தெருவில் உள்ள பால்காரர் அத்தனை பேரும் தண்ணீர் கலந்தால், கலக்காதவனுடைய பால் அளவில் குறைந்தும் விலையில் கூடியும் தோன்றுவதுபோல, எல்லோரும் தம்மை நிபுணர் என்று எழுதிக்கொள்ளும் இடத்தில், ‘ஓரளவு தெரியும்’ என்று எழுதிய யோக்கியன் திறமையற்றவனாகக் காட்சியளிக்கிறான். இதில் வேலை கொடுப்போர் கைகழுவிவிட முடியாது. படிப்பு முடித்த வருஷமே வருகிறவனிடம் இரண்டு மூன்று ஆண்டு அனுபவம் கேட்டு விளம்பரம் செய்கிறவர்கள், பிறகு பொய்யைக் கண்டு அதிர்ச்சி அடைவது கொஞ்சம் வேடிக்கைதான்.

பட்டப் பொய்யும் அனுபவப் பொய்யும் யாவரும் ஒப்புக்கொள்ளும் குற்றங்கள். இவற்றைவிட நுண்ணியது பங்கைப் பற்றிய பொய். நாற்பது பேர் சேர்ந்து உழைத்து முடித்த ஒரு காரியத்தை, அவர்களில் பதினைந்து பேர் தத்தம் பக்கத்தில் தாமே தலைமை தாங்கி நடத்தியதாக எழுதிக்கொள்வது இன்று சாதாரணம். பழைய நாளில் பயோடேட்டா மூடிய உறையில் போயிற்று. உடன் உழைத்தவன் அதைப் பார்க்க வழியில்லை. இப்போதோ பக்கம் பகிரங்கமாக இருக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரனே படிக்கிறான். ஆகவே பொய் அடங்கியிருக்க வேண்டும் என்று நியாயமாக எதிர்பார்க்கலாம். அடங்கவில்லை, ஏனெனில் படிக்கிற அவனும் அதையே தன் பக்கத்தில் எழுதியிருக்கிறான், ஒருவர் வாயை மற்றொருவரின் எழுத்து கட்டிப் போடுகிறது. எழுதிய வரியைக் குழுவினர் கூடியிருக்கும் இடத்தில் உரக்க வாசிக்க நா எழுமா என்று கேட்டுக்கொள்வது இதற்குப் போதிய சோதனை. கூச்சம் வருமானால் அந்த வரி நிற்கத்தக்கதன்று.

சொல்லாமல் விடுவதைப் பற்றி அதிகம் விசாரிக்கத் தேவையில்லை. நோயினாலோ, குழந்தையை வளர்ப்பதற்காகவோ வேலையை விட்டிருந்த ஆண்டுகளின் காரணத்தை ஊரறிய எழுதக் கடமைப்பட்டவர் ஒருவரும் இல்லை. எழுத விரும்புவோர்க்கு 2022 முதல் லிங்க்ட்இன் தளமே தனி இடம் ஒதுக்கியிருக்கிறது. இடைவெளியை வெறுமையாக விடலாம், இல்லாத கம்பெனியின் பெயரால் நிரப்பலாகாது. தேர்வில் தேறாமல், படித்த கல்லூரியின் பெயரையும் ஆண்டுகளையும் மட்டும் எழுதி, பட்டம் பெற்றதாகப் படிப்போரே எண்ணிக்கொள்ளட்டும் என்று விடுவதும் பொய்யின் வகையே. வேலை கிடைத்த பிறகும் நாள்தோறும் தன் வெற்றியை அறிவித்துக்கொண்டிருப்பது, வேலை போனதைக்கூடத் தலைமைப் பண்பின் பாடமாக மாற்றி உபதேசிப்பது ஆகியவை பாவம் என்று சொல்லும் அளவுக்குப் பெரியவை அல்ல. ஓலை அரசவை போய்ச் சேர்ந்த பின்பும் அதைத் தெருவில் நின்று படித்துக்கொண்டிருப்பது ரசக்குறைவு, அவ்வளவே.

இதுவரை பார்த்தது தன்னைத் தான் புகழ்வது. உலகம் இதையே பெருங்குற்றமாகப் பேசுகிறது. ஆனால் தற்புகழ்ச்சியைக் கேட்போன் எப்போதும் ஒரு பங்கு தள்ளியே மதிப்பிடுகிறான், ஆதலால் அதனால் விளையும் தீங்குக்கு ஓர் எல்லை உண்டு. பிறர் கூறும் நற்சாட்சியை அவன் அப்படித் தள்ளிப் பார்ப்பதில்லை. நன்னூலார் இதையும் யோசித்திருக்கிறார். நூலின் சிறப்பைச் சொல்லும் பாயிரத்தை நூல் செய்தவன் எழுதலாகாது என்றவர், எழுதத் தக்கவர் யாவர் என்றும் வரையறுத்தார்: அவனுடைய ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், தகுதியுள்ள உரைகாரன். நால்வரும் அவனையோ அவன் நூலையோ அருகிருந்து கண்டவர்கள். லிங்க்ட்இனில் பாராட்டுரை எழுதப் புகுவோரையும், உங்களுக்கு அவர் மேலதிகாரியா, உடன் பணியாளரா, கீழ்ப் பணிபுரிந்தவரா, வாடிக்கையாளரா என்று அந்தத் தளம் முதலில் கேட்கிறது. கேள்வி சரியானது, விடை சொல்லும் மனச்சாட்சிதான் தளர்ந்துவிட்டது. ‘நீ எனக்கு எழுது, நான் உனக்கு எழுதுகிறேன்’ என்னும் பண்டமாற்று ஒரு பக்கம். 2012 முதல், ஒருவருக்கு இன்ன திறமை உண்டு என்று ஒரே தட்டலில் உறுதிசெய்யும் வசதி வந்துவிட்டபடியால், வேலையைக் கண்ணால் கண்டிராதவர்களும் சாட்சிகளாகிவிட்டது மறு பக்கம். எல்லாவற்றிலும் மோசமானது நம் அலுவலகங்களில் நெடுங்காலமாக நடந்துவருவது: சான்று கேட்டு வரும் இளைஞனிடம், ‘நீயே எழுதிக் கொண்டு வாப்பா, நான் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்’ என்கிற அதிகாரியின் தாராளம். அந்த இளைஞன் தன்னைத் தானே புகழ்ந்து, அதைப் பிறர் குரலில் உலகத்துக்குச் சொல்ல நேர்கிறது. அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐந்து நிமிஷம் செலவிட மனமில்லாமல் தன் பெயரை இரவல் கொடுத்தவரே குற்றவாளி.

தன்னை மிகைப்படுத்துகிறவன் தன் சொந்த நாணயத்தைப் பணயம் வைக்கிறான். பொய்ச் சான்று தருகிறவனோ, அந்தச் சான்றை நம்பி ஒருவனை வேலைக்கு எடுக்கும் முகமறியாதவனின் நம்பிக்கையைப் பணயம் வைக்கிறான். ஆகவே இவ்விருவரில் பின்னவன் பிழையே பெரிது. நாம் கண்டிக்கும் வரிசையோ தலைகீழாக இருக்கிறது. சான்று கேட்டு வருகிறவர்களிடம், அவர்கள் வேலையைப் பார்த்திருந்தால் பார்த்ததை மட்டும் உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள். பார்க்கவில்லையென்றால், அன்று முகம் வாடினாலும் பரவாயில்லை, பார்க்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.