மறைந்தவர் விட்டுச் சென்ற அமானிதம்

ஒருவர் மறைந்த பின் அவருடைய படைப்பில் கை வைக்கும் உரிமை பிறருக்கு உண்டா? உண்டெனில் அதன் எல்லை யாது? பழைய இசைத்தட்டுத் தொகுதி ஒன்று இவ்வினாவை எழுப்புகிறது.

அமெரிக்காவின் பாஸ்டன் இசைக்குழு, குஸெவிட்ஸ்கியின் தலைமையில் 1930இல் பதிவு செய்த ‘கண்காட்சிச் சித்திரங்கள்’ என்பதே அது. அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ நான்கு நிமிட இசையே அடங்கும். தட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டே முழுவதையும் கேட்க வேண்டும். அதில் ஒரு மாட்டு வண்டி வருகிறது. தொலைவில் மெல்லக் கேட்டு, நெருங்க நெருங்கப் பெருகி, பின்னர் தேய்ந்து மறைகிறது. கேட்போர் மனத்தைப் பறிகொடுக்கின்றனர். ஆயினும் இயற்றியவர் அவ்வாறு எழுதினாரல்லர். எடுத்த எடுப்பிலேயே வண்டி உரத்து முழங்க வேண்டும் என்றே குறித்திருந்தார்.

நிகழ்ந்தது இதுதான். ஹார்ட்மன் என்னும் ஓவியர் 1873இல் மறைந்தார். மறு ஆண்டு பீட்டர்ஸ்பர்க் நகரில் அவர் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. நண்பரை இழந்த முஸோர்க்ஸ்கி, அவ்வோவியங்களை நினைந்து பியானோவுக்கு இவ்விசையை இயற்றினார். 1881இல் அவரும் மறைந்தார். அவருடைய நண்பர் ரிம்ஸ்கி கோர்ஸகோவ் செப்பனிட, 1886இல் அது அச்சேறியது. வண்டியின் முழக்கம் மென்மையானது அப்பதிப்பில்தான். குஸெவிட்ஸ்கியின் வேண்டுகோளின்படி 1922இல் இதனைப் பல்லியத்திற்கு அமைத்த பிரெஞ்சு இசைஞர் ராவெல், அப்பதிப்பையே பின்பற்றினார். கையெழுத்துப் படியை ஒட்டிய பதிப்பு 1931இல்தான் வெளிவந்தது.

இவர்களுள் அமானிதத்தில் தவறியவர் யார்? ஓவியத்தை இசையாக்கியவர் தவறவில்லை. இசையை ஓவியமென்று எவரும் மயங்கார். பியானோ இசையைப் பல்லியமாக்கிய ராவெலும் தவறவில்லை. இடையில் வரும் நடையிசை ஒன்றை அவர் விட்டுவிட்டார் என்பது மெய்யே. ஆயினும் அமைப்பு தம்முடையது என்பதை அவர் மறைக்கவில்லை, மூலமும் தனியே இருந்தது, விரும்பியவர் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

பதிப்பித்த நண்பரின் நிலை வேறு. அவர் நோக்கம் தூயது. அவர் உழைத்திராவிடில் அவ்விசை அன்று அச்சேறியிராது. நன்றிக்குரியவரே. எனினும் அவர் திருத்தம் மறைந்தவரின் சொல்லோடு கலந்து நின்றது. அச்சுப் பிரதியை மட்டும் காண்பவர், எது எவருடையது எனப் பிரித்தறிய வழியில்லை. அன்பினால் செய்த திருத்தமாயினும், அது மறுக்க வாயில்லாதவரின் வாயில் நம் சொல்லை வைப்பதன்றோ?

நம் இல்லங்களிலும் இது நிகழ்கிறது. மறைந்த தந்தையின் சொல்லைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கும்போது, நயம் கருதி நாமும் ஒரு சொல் கூட்டுகிறோம். கடுமை தோன்றாதிருக்க ஒரு சொல் குறைக்கிறோம். கூட்டுவது குற்றமன்று, “இது என் சொல்” என்று கூறாதிருப்பதே குற்றம். வண்டி உரத்து வந்ததாயின், உரத்தே வந்தது என்று முதலில் சொல்வோம். நம் விருப்பத்தை அதன் பின்னர், நம் பெயரால் சொல்லலாம்.