கருவி ஒன்றே அமைதல்

மெய்ப்பொருளாராய்ச்சிக்குரிய இவ்விதழின்கண் நிழற்படக் கருவியைப் பற்றிய பேச்சு எற்றுக்கெனக் கற்றறிந்தார் சிலர் ஐயுறுதல் கூடும். கருவி என்பது யாது, அதனைக் கொண்டு தொழில் செய்வான் யாவன், இவ்விருவர்க்கும் உள்ள இயைபு எத்தன்மைத்து என்னும் வினாக்கள் நம் நூலார்க்குப் புதியன அல்ல. கண் முதலிய பொறிகளும் மனம் முதலிய அந்தக்கரணங்களும் உயிர்க்குக் கருவியாய் நிற்குமாற்றை ஓதியுணர்ந்தார்க்கு, கடையில் விலைக்குக் கொள்ளும் ஒரு கருவியிடத்தும் அவ்வாராய்ச்சி செல்லுதல் இயல்பேயாம். ஆகலின், நிழற்படமெடுப்பார் ஒருவர்க்கு எளியதொரு கருவியும் அதன்கண் வில்லை ஒன்றுமே சாலப் பொருந்தும் என அத்துறை வல்லார் சிலர் கண்ட முடிபினை ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்துமூவர் திருவிழாவன்று, மயிலை மாடவீதிகளில் நிற்பார் இக்காட்சியை ஆண்டுதோறும் காணலாம். தோளிலே இரண்டு நிழற்படக் கருவிகள், இடுப்பிலே வில்லைகள் நிறைந்த பை, முதுகிலே மற்றொரு பை. இங்ஙனம் சுமந்து வருவார் பலர். நாயன்மார் திருவுருவங்கள் சப்பரத்தில் எழுந்தருளி அணுகும் வேளையில், அகன்ற காட்சிக்குரிய வில்லையோ, சேய்மையை அண்மையாக்கும் வில்லையோ எனத் தெரிந்து மாற்றத் தலைகுனிகின்றார். நிமிருமுன் சப்பரம் கடந்துபோம். பக்கத்தில் ஒரு முதியவள் கைகூப்பி நின்றதும், அவள் தோளிலிருந்த குழந்தை தானும் கைகூப்ப முயன்றதும் அவர் காணாதொழிந்தன. கருவி குறைந்தமையால் வந்த இழப்பன்று இது, மிகுந்தமையால் வந்தது.

இதன் காரணம் என்னையெனின், கட்டுற்று நிற்கும் உயிரின் அறிவு ஏகதேச அறிவாதலேயாம். ஒன்றை அறியுங்கால் மற்றொன்றை அறியமாட்டாமை அதன் இயல்பு. வில்லையை எண்ணும் நெஞ்சு அப்பொழுதே பொருளை எண்ணவல்லதன்று. மனம் என்னும் கரணம் இதுவோ அதுவோ என விகற்பித்து நிற்கும். துணிதல் புத்தியின் தொழில். பல வில்லை உடையான் ஒவ்வொரு கணமும் மனத்தளவில் நின்று தடுமாறுகின்றான். ஒன்றே உடையான், அத்துணிபினை வீட்டிலிருந்து புறப்படும்பொழுதே முடித்துவிட்டமையால், வீதியில் அவன் புத்தி முழுவதும் பொருள்மேற் செல்லும்.

இலக்கண நூலாரிடத்தும் இதற்கோர் ஒளி உண்டு. மூன்றாம் வேற்றுமை உருபாகிய ‘ஆல்’ என்பது கருவிப்பொருளிலும் வரும், கருத்தாப்பொருளிலும் வரும். ‘வாளால் வெட்டினான்’ என்புழி வாள் கருவி. ‘தச்சனால் செய்யப்பட்டது’ என்புழித் தச்சன் கருத்தா. உருபு ஒன்றாயிருத்தலின் உலகத்தார் மயங்குகின்றனர்போலும். நல்லதொரு படத்தைக் கண்டவுடன், ‘இஃது எந்தக் கருவியால் எடுக்கப்பட்டது?’ என்று வினவுவாரே பலர். வினவுவார் வாயில் கருவி, கருத்தாவின் இருக்கையில் ஏறி அமர்ந்துவிடுகின்றது. குடத்திற்கு மண் முதற்காரணம், திகிரி துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என ஓதிய மாணாக்கன், அழகிய குடத்தைக் கண்டு திகிரியின் விலையை வினவான். அவ்வேற்றுமைக்கே உடனிகழ்ச்சி என மற்றொரு பொருளும் உண்டு; அஃது ஒடு, ஓடு என்னும் உருபுகளால் வரும். என்றும் உடன்செல்லும் ஒரே கருவியை ‘ஆல்’ என்பதினும் ‘ஓடு’ என்பதனாற் கூறுதலே தகுதி எனத் தோன்றுகின்றது.

இனி, இம்முடிபினைத் தம் தொழிலால் நிறுவிக் காட்டினாருள் தலையாயவர் பிரெஞ்சு நாட்டு ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் என்பார். 1908-இல் பிறந்து 2004-இல் மறைந்தவர். ஜெர்மனியில் ஆஸ்கார் பர்னாக் என்பார் அமைத்து, 1925-இல் விற்பனைக்கு வந்த லைக்கா என்னும் சிறு கருவி, 1930-களின் தொடக்கத்தில் இவர் கைப்பட்டது. அது தொட்டு அத்தகைய கருவியும், 50 மில்லிமீட்டர் குவியத்தூரம் உடைய வில்லையுமே பெரும்பாலும் இவர்க்குப் போதியனவாயின. பிற வில்லைகளை ஒருபொழுதும் தீண்டாதவர் என்பதன்று; சிற்சில வேளை கொண்டதுண்டு. ஆயினும் அவர் கண் பழகியது அவ்வொன்றிலேயே. மின்னொளி விளக்கினைப் பயன்கொள்ளார். எடுத்த படத்தின் ஓரங்களைப் பின்னர் வெட்டித் திருத்துதலையும் விரும்பார்.

அவ்வில்லையின் இயல்பு அறியத்தக்கது. லைக்காவின் படச்சுருளில் ஒரு படத்தின் அளவு 24-க்கு 36 மில்லிமீட்டர். அதன் மூலைவிட்டம் ஏறத்தாழ 43 மில்லிமீட்டர் ஆதலின், அதனோடு ஒத்துநிற்கும் 50 மில்லிமீட்டர் வில்லை, பொருளை ஊதிப் பெருக்காமலும் ஒடுக்கி அகற்றாமலும், மக்கள் கண்ணுக்குத் தோன்றும் அளவையை ஒட்டியே காட்டும். ஒரு சுருளில் 36 படம். தத்துவங்களின் தொகையும் அதுவேயாதலைக் கண்டு அன்பர் யாரேனும் பொருத்தங்கூற முந்துவராயின், அப்பெருமை அவர்க்கே ஆகுக. யாம் அதிற் புகுந்திலேம்.

கார்த்தியே பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். பகவான் ரமணரின் இறுதி நாட்கள் அவை. நோயுற்றுக் கிடந்த திருமேனியையும், சூழ்ந்து நின்ற அன்பர் துயரினையும் அவர் படமெடுத்தனர். ஏப்ரல் 14 இரவு 8 மணி 47 நிமிடத்தளவில் ஒளிமிக்க விண்மீன் ஒன்று தென்திசையினின்று மெல்லச் சென்று அருணாசலத்தின் பின்னே மறைந்ததைத் தாம் கண்டதாகவும் அவர் உரைத்தனர். அவ்வேளையிலேயே பகவான் உடல் நீங்கினார். இத்தகையதோர் இடத்திற் பெட்டிகளும் கால்களும் விளக்குகளுமாகச் சென்று நிற்பானை எண்ணிப் பார்மின். துயரினூடே அவன் ஒரு கடையை விரித்தவனாவான். கையடக்கமான ஒரு கருவியோடு நிற்பவனை, துயருற்றாருள் ஒருவனாக எண்ணுதற்கு இடமுண்டு. நம் சென்னையில் மருத்துவராயிருந்த டாக்டர் டி. என். கிருஷ்ணசுவாமி என்பாரும் பகவானைப் பன்முறை படமெடுத்தவர். அடியராய்ச் சென்று அருகிருந்து எடுத்தமையின் அவர் படங்களில் ஓர் அணுக்கம் காணப்படும்.

கருவி சிறியதாயிருத்தலே காரணம் போலும் என்று கொள்ளற்க. 1858-இல் சென்னை மாகாண அரசினரின் நிழற்படக்காரராய் விளங்கிய லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர், பெரியதொரு மரப்பெட்டியையும் மெழுகூட்டிய தாள்களையும் மாட்டு வண்டிகளில் ஏற்றித் தஞ்சைக்கும் மதுரைக்கும் சென்றார். தஞ்சைப் பெருங்கோயில் விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டினைப் படமெடுக்க விழைந்த அவர்க்கு, அதன் நீளம் முழுவதையும் அடக்கும் வில்லை இல்லை. கல்வெட்டினை ஒட்டிப் பெட்டியைச் சிறிது சிறிதாக நகர்த்தி 21 படங்கள் எடுத்து, அவற்றை ஒருசேர ஒட்டினார். ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள அவ்வொட்டுப்படம் கல்வெட்டாராய்வார்க்கும் உவகை பயப்பதாம். வில்லையின் குறையைக் காலால் நிறைத்தார் அவர். எழுத்தெழுத்தாய்க் கல்லின்மேற் செல்லும் படிப்போனது நடையும் அந்நடையும் ஒன்றே.

எம்மிடம் நன்னூற் பாடங்கேட்ட இளைஞர் ஒருவர், தியாகராய நகரிலுள்ள மணமண்டபங்களில் நிழற்படமெடுத்துப் பிழைப்பவர். தவணைக் கடனில் ஏழு வில்லைகள் வாங்கியிருந்தார். மாதந்தோறும் வரும் ஊதியத்திற் பெரும்பகுதி அக்கடனுக்கே சென்றது. புதியதொன்று வெளிவந்தது எனக் கேட்டவளவில், கையிலிருப்பது பழுதுபட்டதுபோலத் தோன்றும் என்று அவரே எம்மிடம் சொன்னார். ஒருகால், பழுதுபார்க்கக் கொடுத்த வில்லைகள் வரும்வரை, 50 மில்லிமீட்டர் ஒன்றை மட்டும் கொண்டு மூன்று திங்கள் தொழில் செய்ய நேர்ந்தது. ஓய்வு கிடைத்த மாலைகளில் அதனோடு ரங்கநாதன் தெருவின் நெருக்கத்தில் நடப்பாராம். முதல் மாதம் சுவரில் மோதுவதுபோல் இருந்தது என்றார். மூன்றாம் மாதம், கருவியைக் கண்ணுக்கு உயர்த்துமுன்னரே படத்தின் நான்கு எல்லைகளும் தமக்குத் தெரியத் தொடங்கின என்றார்.

இக்கூற்று எம்மை நெடிது சிந்திக்கச் செய்தது. உயிர் எதனைச் சார்கின்றதோ அதன் வண்ணமாகும் என்பதும், அழுந்தி அறிதலே அதற்கு அறிவாம் என்பதும் நம் நூல் முடிபு. ஏழு வில்லைகளில் மாறிமாறிச் சார்ந்தவர் எதிலும் அழுந்திற்றிலர். ஒன்றில் அழுந்தியவழி, கருவி கைக்குப் புறத்தே நிற்கும் பொருளாதல் ஒழிந்து, கண்ணின் நீட்சியாயிற்று. நன்கு காணும் கண் தன்னை உணர்த்தாது. நோயுற்ற கண்ணே உறுத்தித் தன்னை உணர்த்தும். கருவியும் அன்னதே. அவர் பின்னர் ஐந்து வில்லைகளை விற்றுக் கடனின் பெரும்பகுதியைத் தீர்த்தார். தொழிற்கு இன்றியமையாமையின் ஒன்றினை உடன் வைத்துக்கொண்டார். அதனையும் துறந்திலரே என்று குறைகூறுவாரோடு எமக்கு உடன்பாடில்லை. மணமகளின் தாய் நூறடிக்கப்பால் அழுதால் அதனையும் எடுத்துத் தருவதற்கன்றோ அவர் கூலி பெறுகின்றார்.

இனி, அறத்தின்பாற் பட்ட ஒரு செய்தி. மாடவீதியிற் பூத்தொடுக்கும் பெண்ணொருத்தியின் முகத்தையும் தோளையும் படம் நிறைய எடுக்க வேண்டின், 50 மில்லிமீட்டர் வில்லை உடையான் அவளுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் அண்மையிற் செல்லல் வேண்டும். 200 மில்லிமீட்டர் உடையான் அதனையே நான்கு மீட்டர் தொலைவில் நின்று முடிப்பான். முன்னவன் அவள் கண்ணெதிரே நிற்றலின், ஒரு சொல்லேனும் ஒரு முறுவலேனும் கொடுத்து அவள் இசைவைப் பெறக் கடமைப்படுகின்றான். அவள் வேண்டாவெனின் அது தெரிந்துவிடும். பின்னவன் அவள் அறியாமலே அவள் முகத்தைக் கொண்டுபோகின்றான். சேய்மை அவனுக்கு வெட்கத்தை இல்லாமற் செய்துவிடுகின்றது.

அற்றேல், கார்த்தியே பிரெஸ்ஸோன் தம் கருவியின் பளபளப்பைக் கருநிறப் பட்டையால் மறைத்து, பிறர் அறியாவாறு படமெடுத்தவரன்றோ எனின், உண்மையே. தம் முகத்தைப் பிறர் படமெடுத்தலை அவர் விரும்பாமையும் உடன் நினைக்கற்பாலது. இதனால் பெறப்படுவது, அண்மை ஒருவனை அறத்தான் ஆக்கிவிடாது என்பதே. எதிர்நிற்போர் ஒருவர் உளர் என்னும் உணர்வை அஃது எழுப்பும். எழுந்த உணர்வுக்கு இணங்குதலும் இணங்காமையும் அவன் வினை. அப்பெரியார் அதற்கு எப்பொழுதும் இணங்கினார் என்று யாம் சொல்லமாட்டேம்.

இன்னும், லைக்கா விலைமிக்கதாயிற்றே, அதனை எளிய கருவி என்றல் யாங்ஙனம் என்று வினவுவாரும் உளர். எளிமை விலையில் இல்லை. தன்னைக் கொண்டானிடத்து அஃது எத்துணைக் கவனத்தை வரியாக இறுக்கின்றது என்பதிலேயே உள்ளது. இக்காலத்துக் கைப்பேசியும் ஒரே கருவிதானே என்னின், அதன் முதுகில் இரண்டு மூன்று வில்லைகள் இருத்தலோடு, படமெடுக்கும் வேளையில் உறவினர் அழைப்பும் கடைக்காரர் செய்தியும் அதன்வழியே வந்து புகுகின்றன. ஒரு பையுள் ஒரு சந்தை அது.

அடையாற்றுக் கழிமுகத்திற் பறவைகளைப் படமெடுப்பார்க்கு இவ்விதி செல்லாது. நாரை மனிதர்க்கு அஞ்சும்; அஞ்சும் உயிரை அணுகி அலைக்காமல் நெடுந்தொலைவு வில்லை கொள்ளுதலே அவர்க்கு அறம். தொழில் கருவியை வேண்டுதல் வேறு. கருவி வாங்கியபின் அதற்குத் தொழில் தேடுதல் வேறு. பிரமஞான சபைத் தோட்டத்துப் பேராலமரத்தின் நடுத்தண்டு 1989-இல் வீழ்ந்துவிட்டது. விழுதுகள் நின்று பரந்துள்ளன. அதன் பரப்பு முழுவதும் 50 மில்லிமீட்டர் வில்லையில் அடங்காது. எம் மாணவர் அங்கே சென்று, இரண்டு விழுதுகளையும் அவற்றினிடையே வீழ்ந்த வெயிலையும் மட்டும் எடுத்து வந்தார். மரம் எங்கே என்று அவர் வீட்டார் கேட்டனராம்.

கார்த்தியே பிரெஸ்ஸோன் தம் அறுபதாம் ஆண்டிற்குப் பின்னர், 1970-களில், அவ்வொரு கருவியையும் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, எழுதுகோலால் ஓவியம் வரைதலை மேற்கொண்டார்.