இரையும் ஈகையும்

"நீரில் இட்ட இரையைப் பறவை திருடிவிட்டது" என்று மீன் பிடிப்போர் கூறுவதுண்டு. கேட்பதற்கு எளிய பேச்சு. ஆயினும் அதனுள் மூன்று வினாக்கள் அடங்கியுள்ளன. அவ்வுணவு யாருடையது? அது யார் பொருட்டு இடப்பட்டது? எடுத்துச் சென்ற பறவையைக் கள்வன் எனல் தகுமா? இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் கொல்லாமை, கள்ளாமை ஆகிய இரண்டையும் இவ்வினாக்கள் ஒருங்கே தொடுகின்றமையால், சற்றே நின்று ஆராய்தல் நன்று.

காவிரியின் கடைமடையில் காரைக்காலைச் சார்ந்த விழிதியூர் போன்ற சிற்றூர்களில், குளமும் வாய்க்காலும் ஊர் வாழ்வோடு பிணைந்தவை. இத்தகைய குளங்களில் வளர்க்க ஏற்ற கெண்டையினங்கள் கட்லா, ரோகு, மிருகால் என மூன்று. கட்லா நீரின் மேற்பரப்பிலும், ரோகு இடைப்பகுதியிலும், மிருகால் அடித்தளத்திலும் இரை தேடும். 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், ஒடிசாவில் அறிவியலாளர் ஹிராலால் சௌத்ரியும் அலிக்குன்ஹியும் இயக்குநீர் ஊசி வழியே கெண்டைகளை முட்டையிடச் செய்து வெற்றி கண்டனர். அதன்பின் குஞ்சுகள் பெருமளவில் கிடைக்க வழி பிறந்தது.

இவற்றிற்கு இடும் உணவு பெரும்பாலும் அரிசித் தவிடும் கடலைப் பிண்ணாக்குமே. உலர்ந்த தவிட்டைத் தூவினால் அது மிதக்கும். மிதப்பதைக் காக்கை கண்டுகொள்ளும். ஆகவே நீர் விட்டுப் பிசைந்து, உருண்டையாக்கி, மூழ்குமாறு இடுவர். ஆந்திர நாட்டின் கொல்லேறு ஏரிப் பகுதியில் துளையிட்ட பைகளில் தீவனத்தை நிரப்பி, நட்ட கழிகளில் கட்டி நீருக்குள் தொங்கவிடுவர். மீன்கள் துளைகளின் வழியே கொத்தித் தின்னும். பறவை இறங்காதிருக்கக் குளத்தின் குறுக்கே கயிறு கட்டுவோரும் உளர்.

இங்கிலாந்தில் கெண்டை பிடித்தல் ஒரு பொழுதுபோக்கு. அங்கே மீன் கூடும் இடத்திற்கு இரையைக் கவணால் எறிகின்றனர். ராக்கெட் வடிவக் குப்பியில் அடைத்து வீசி, நீரில் தலைகீழாய்க் கவிழச் செய்கின்றனர். கடற்காகங்கள் அங்கும் வழிமறிக்கின்றன. நம் பண்டை இலக்கியத்தில் தினைப்புனம் காத்த மகளிர் கையிலும் கவண் உண்டு. நெய்தல் நில மகளிரோ வெயிலில் உலரும் மீனைப் பறவைகள் கவராமல் காத்தனர். ஆகவே பறவையோடு மனிதன் இடும் வழக்கு மிகப் பழையது.

முதலில் கள்வன் என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்கு ஒரு சொல்லை விளக்கும்போது, அதற்கு எதிரே நிற்கும் சொல் யாது என்று வினவுவது என் வழக்கம். கள்வனுக்கு எதிரே நிற்பவன் உடையவன். உடைமை என்னும் எண்ணமே இல்லாத உயிரிடத்தில் களவும் இல்லை. கொடாததைப் பற்றுள்ளத்தோடு கொள்வதே களவு என்பது நம் ஆகமம். பறவைக்கு இருப்பது பசி ஒன்றே. மேலும், உடையவன் தானே தன் கையால் நீரில் எறிந்த உணவு அது. காரைக்கால் மாங்கனித் திருவிழாவில் மக்கள் வீசும் கனியை யார் பற்றினாலும் அவரைத் திருடர் என்பாரில்லை. அங்கே வீசியவர் மனம் கனியை விட்டுவிட்டது. இங்கோ கை விட்டது, மனம் விடவில்லை.

இனி, மீனுக்கு இட்டது ஈகையா என்று காண்போம். ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் எனத் தானம் நால்வகை என்பதை நம் பிள்ளைகளும் அறிவர். தூண்டிலைச் சூழத் தூவும் இரை, ஆகார தானத்தின் தோற்றத்தைக் கொண்டுள்ளது. அபயம் அதில் இல்லை. நாள்தோறும் ஒரே வேளையில், ஒரே இடத்தில் உணவு இட்டால் மீன் அவ்விடத்தை அறிந்து வந்து கூடுகிறது. அந்தப் பழக்கத்தை மீனின் நம்பிக்கை என்றே கூறலாம். அதனை வளர்த்து, அதன் வழியே பிடிப்பது பசியைத் தீர்க்கும் செயலன்று. பசியைக் கருவியாக்கும் செயல். உணவை அளித்து அச்சத்தை மறைத்து வைப்பது தானமாகாது.

கி.பி. 959இல் யசஸ்திலகம் இயற்றிய சோமதேவ சூரி, வலைஞனையும் உழவனையும் அருகருகே நிறுத்திக் கருத்தின் வேறுபாட்டை விளக்கினார். உழவன் கலப்பையின்கீழ் பல உயிர்கள் மடிகின்றன. ஆயினும் அவன் எண்ணம் விளைச்சலில் உள்ளது. வலைஞன் அன்று ஒரு மீனும் பெறாவிடினும் அவன் எண்ணம் கொலையில் நிற்கிறது. சங்கல்ப ஹிம்சையை இல்லறத்தார் முற்றும் விலக்குக என்பதன் பொருள் இதுவே.

ஆனால் இதே மரபுதான் மிருகசேனன் என்னும் வலைஞனின் கதையையும் போற்றுகிறது. முனிவரிடம் அவன் ஏற்ற விரதம் மிகச் சிறியது: வலையில் முதலில் வரும் மீனை விட்டுவிடுவது. விட்ட மீனுக்கு அடையாளம் கட்டினான். அதே மீன் ஐந்து முறை அகப்பட்டது. ஐந்து முறையும் விட்டான். வெறுங்கையோடு வீடு திரும்பியவனை மனைவி உள்ளே விடவில்லை. வெளியே உறங்கியவன் அரவு தீண்டி இறந்தான். மறுபிறவியில் நற்பேறு எய்தினான்.

இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரை அடுத்த ஏரியில் பென்சன் எனப் பெயரிட்ட கெண்டை ஒன்று இருந்தது. 2009இல் அது இறந்தபோது, அறுபது முறைக்கு மேல் பிடிபட்டு விடப்பட்டது எனச் செய்தித்தாள்கள் எழுதின. இரு மீன்களும் விடப்பட்டவையே. எனினும் ஒன்று விரதத்தால் விடப்பட்டது. மற்றொன்று மீண்டும் பிடிப்பதற்காக விடப்பட்டது. விடுதல் என்னும் செயல் ஒன்றாயினும் உள்ளம் வேறு. மீண்டும் விடும் நோக்கத்தோடு தூண்டிலிடுவதை சுவிட்சர்லாந்து 2008இல் வகுத்த விலங்குப் பாதுகாப்பு விதிகள் தடை செய்துள்ளமை இங்கு எண்ணத்தக்கது.

"மீன் பிடிப்பது கடலோர மக்களின் வாழ்வாயிற்றே, அவர்களைப் பழிக்கலாமா?" என ஒருவர் வினவலாம். பழித்தல் கூடாது. மிருகசேனனை இழிந்தவன் என்று முனிவர் ஒதுக்கவில்லை. அவனால் இயன்ற அளவே அவனிடம் கேட்டார். பிறர் தொழிலை அளக்கும் கோல் நம் கையில் இல்லை. நம் இல்லத்தை அளக்கும் கோல் உண்டு.

நிலத்தோடு குளமும் உடைய குடும்பங்கள் நம்முள் உண்டு. "நாம் பிடிப்பதில்லை, குத்தகைக்குத்தானே விடுகிறோம்" என்று இளைஞர் கூறலாம். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் ஒக்கும் என்னும் நெறியில் வந்தவர்க்கு அவ்விடை போதாது. குத்தகைப் பணம் குறையினும், அக்குளத்து நீரைப் பாசனத்திற்கே வைத்துக்கொள்ளுதல் நம் விரதத்திற்கு இசைந்தது.

அறம் கருதிக் குளத்து மீன்களுக்குப் பொரி இடுவோர்க்கும் ஒரு சொல். அளவறிந்து இடுக. தின்னாது எஞ்சிய உணவு அழுகி, நீரிலுள்ள உயிர்க்காற்றைக் குறைக்கும். விடியற்காலையில் மீன்கள் வாய் திறந்து மேலே தவிக்கும். முயற்சியோடு கூடிய கவனம் இல்லாத ஈகையும் ஹிம்சையில் முடியும். அப்போது ஒரு காக்கை தாழ்ந்து வந்து சில பொரிகளை எடுத்துச் செல்லுமாயின், கல்லெடுக்க வேண்டா. பசித்த உயிருக்கென இட்டோம். பசித்த உயிர் பெற்றது. பறவை எடுத்ததால் நமக்குச் சினம் வருமாயின், நாம் இட்டது ஈகையா இரையா என்பதை அச்சினமே காட்டிவிடும்.