மாலையிட்ட படமும் மாலையிட முடியாத படமும்

இறந்தவரின் நிழற்படத்துக்குப் பொட்டு வைத்து, மாலையிட்டு, விளக்கேற்றுவது தமிழ்ச் சைவக் குடும்பங்களின் வழக்கம். இலங்கையின் இரத்தினபுரி மாவட்டத்துக் கொடகவெலயைச் சூழ்ந்த தோட்டங்களில், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயக் காம்பராக்களுக்கும் இது பொருந்தும். அந்தப் படத்தில் இருப்பது யார் என்பது சமயம் எழுப்பும் கேள்வி.

சைவ சித்தாந்தத்தின்படி உயிர் வேறு, உடல் வேறு. உடலை விட்ட உயிர் தன் வினைக்கேற்பச் செல்கிறது. படம் பதிந்து வைத்திருப்பதோ விட்டுச்சென்ற உடலின் சாயல்தான். நீத்தார் கடனுக்கு அந்தச் சாயல் தேவையுமில்லை. திதியன்று பிதிரரை எள்ளிலும் நீரிலும் தர்ப்பையிலும் அழைக்கிறார்கள். பெயரும் நாளும் தெரிந்தால் போதும். தொல்காப்பியம் சொல்லும் நடுகல் முறையிலும், கல்லைத் தேர்ந்து நீராட்டி நட்டு வாழ்த்தும் செயல்களே படிப்படியாகக் கூறப்படுகின்றன.

அப்படியானால் படம் உயிரோடு இருப்பவர்களுக்காகவே. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த் 1977இல் தாயை இழந்தார். சிறுமியாக நிற்கும் தாயின் படமொன்றைப் பற்றி 1980இல் வெளியான நூலில் விரிவாக எழுதிய அவர், அந்தப் படத்தை மட்டும் அச்சிடவில்லை. பிறருக்கு அது வெறும் பழைய படம். நிழற்படம் உறுதிசெய்வது ‘இது இருந்தது’ என்பதை மட்டுமே என்பது அவர் முடிவு. சடங்கு இறந்தவரை வழியனுப்புகிறது. படம் அவர்மீதான பற்றை வீட்டில் நிறுத்தி வைக்கிறது.

இத்தகைய தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழரின் வரலாறு இதில் இன்னொரு சிக்கலைச் சேர்க்கிறது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒரே குடும்பத்தில் சிலர் தலைமன்னாரில் கப்பலேறினர், சிலர் தோட்டத்தில் தங்கினர். போனவர் இறந்துவிடவில்லை; ஆகவே அவர் படத்துக்கு மாலையிடுவது அமங்கலம். திரும்பி வருவார் என்றும் இல்லை. உயிரோடு பிரிந்தவருக்குச் சாத்திரத்தில் திதி கிடையாது; கையில் இருப்பது கடவுச்சீட்டுக்கென எடுத்த படத்தின் ஒரு பிரதியாக இருக்கலாம்.

1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் தமிழருக்கு எதிரான வன்முறை நடந்தது. லயம் எரிந்தால் படமும் எரியும். அப்போது இரண்டு இழப்புகளுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகும். இறந்தவருக்குப் பெயரும் திதியும் எஞ்சுவதால் கடன் தொடரும். பிரிந்தவரைப் பற்றிய நினைவுக்கோ படத்தைத் தவிர வேறு பற்றுக்கோடு இல்லை. நிழற்படத்தின் சமயப் பெறுமதி சடங்கு இருக்குமிடத்தில் குறைவு. சடங்கு எட்டாத இடத்திலேயே அது முழுமை பெறுகிறது.